சிபிஎஸ் பணத்தை ரெண்டு தடவை கழிச்சவங்க கவனத்துக்கு

1/
நீளமான த்ரெட். இன்னைக்கு மருத்துவம் இல்ல, வருமான வரி. தேனி, பெரியகுளம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்னு நம்ம பக்கம் அரசு வேலை பாக்கற நர்ஸ், ஆசிரியர், விஏஓ, லேப் டெக்னீஷியன், டாக்டர் எல்லாரும் படிக்க வேண்டியது. குறிப்பா 2003 ஏப்ரல் 1 அன்றும் அதுக்கு அப்புறமும் வேலைக்குச் சேர்ந்தவங்க.  முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கு.

2/
முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு, அதான் சிபிஎஸ்க்கு, உங்க சம்பளத்துல பிடிச்ச பணத்தைக் காட்டி ஐடிஆர்ல தப்பா கழிவு வாங்கியிருந்தா, நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்களே திருத்துங்க. முன்னாடி திருத்தினா அது செலவு. வந்தப்புறம் திருத்தினா அது தண்டனை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவுன்னு கீழ ரூபாய்க் கணக்குல காட்றேன்.

3/
சிபிஎஸ் என்னன்னு தெரியாதவங்களுக்கு: 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசு வேலைக்கு வந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து அதுல 10 சதவீதம் மாசாமாசம் பிடிக்கறாங்க. அரசும் அதே அளவு போடும். மத்திய அரசு ஊழியர்களோட என்பிஎஸ் பணம் ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தோட கட்டுப்பாட்டுல முதலீடாகும். தமிழ்நாட்டு சிபிஎஸ் பணம் அங்க போகல, மாநில அரசோட பொறுப்புலயே இருக்கு. நானும் சிபிஎஸ்தான். மாசம் என்ன பிடிக்கறாங்கன்னு தெரியும். ரிட்டயர் ஆகும்போது மாசம் என்ன வரும்னு தெரியாது.

4/
இந்தப் பிடித்தத்துக்கு வரிக் கழிவு உண்டு. பழைய வரி முறையில மட்டும். உங்க பங்கு 80சிசிடி(1)ல வரும். ஆனா எல்ஐசி, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக் கடன் அசல் எல்லாம் போடற 80சி பையும் இதுவும் சேர்ந்து மொத்தம் 1,50,000 தான். அதுக்கு மேல ஓய்வூதியப் பங்களிப்புக்குன்னே தனியா 50,000 வரைக்கும் 80சிசிடி(1பி)ல இருக்கு. இங்கதான் சிக்கலே ஆரம்பிக்குது.

5/
தப்பு நம்பர் 1: ஒரே பணத்தை ரெண்டு இடத்துல போடறது. முதல் இடத்துல கழிச்ச ரூபாயை (1பி)ல திரும்பக் கழிக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. பிரிச்சுப் போடறது வேற, ரெண்டு தடவை போடறது வேற. வருஷம் 72,000 பிடிச்சிருந்தா, எல்லாக் கட்டத்துலயும் சேர்த்து சிபிஎஸ் பேர்ல 72,000க்கு மேல ஒரு ரூபாய் வரக் கூடாது. அவ்வளவுதான் விதி.

6/
தப்பு நம்பர் 2: 80சிசிடி(2). இது முதலாளி போடற பங்குக்கான கட்டம். புதிய வரி முறையிலயும் இந்தக் கழிவு இருக்கறதால, ஊழியர் பங்கைத் தூக்கி இதுல போட்டு வரியைக் குறைக்கற வேலை நடக்குது. உங்க பணம் முதலாளி பணம் ஆகாது. அரசு போடற பங்கையே இதுல கழிக்கணும்னாலும், முதல்ல அதை உங்க சம்பள வருமானத்துல சேர்த்துக் காட்டியிருக்கணும். ஃபார்ம் 16ல வருமானமா சேராத பணத்தைக் கழிச்சா, வாங்காத சம்பளத்துக்குக் கழிவு கேட்ட மாதிரி.

7/
தப்பு நம்பர் 3: இது பொய். பிடிக்காத தொகையைப் பிடிச்சதா காட்டறது. சம்பளச் சீட்டுல 48,000 இருக்கும், ஐடிஆர்ல 98,000 இருக்கும். வருமான வரித் துறைக்கு உங்க அலுவலகம் கொடுக்கற கணக்கு தனியா போகுது. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க இப்ப ஆள் வேணாம், கம்ப்யூட்டரே பாக்குது.

8/
ஏன் எல்லாருக்கும் ஒரே மாதிரி தப்பு வருது? ஏன்னா பழைய வரி முறையில 5 லட்சம்னு ஒரு கோடு இருக்கு. எல்லாக் கழிவும் போக வருமானம் 5 லட்சத்துக்குள்ள வந்துட்டா 87ஏ தள்ளுபடியால வரி சுத்தமா பூஜ்யம். 5 லட்சத்தைத் தாண்டிட்டா தள்ளுபடி போயிடும், 12,500ல இருந்து வரி ஆரம்பிக்கும். அதனால ஃபைல் பண்றவர் உங்க செலவுல இருந்து கணக்கு போடறதில்ல. 5 லட்சத்துல இருந்து பின்னாடி போறார்.

9/
ஒரு சிஸ்டரோட கணக்கைச் சொல்றேன். பேரும் ஊரும் வேணாம். புரியறதுக்காக எண்களை முழுசாக்கியிருக்கேன். 2023-24 நிதியாண்டு. மொத்தச் சம்பளம் 8,00,000. நிலையான கழிவு 50,000 போக 7,50,000. சிபிஎஸ் 72,000, எல்ஐசியும் ஸ்கூல் ஃபீஸும் 78,000. ரெண்டும் சேர்ந்து சரியா 1,50,000. வரி போட வேண்டிய வருமானம் 6,00,000. செஸ் சேர்த்து வரி 33,800. ஆபீஸ்ல அதைச் சரியா பிடிச்சுட்டாங்க.

10/
அவங்களுக்கு ஐடிஆர் போட்டவர் என்ன பண்ணார்? அதே சிபிஎஸ்ல இருந்து 50,000 எடுத்து (1பி)ல திரும்பப் போட்டார். ஆக 72,000 ரூபாய் 1,22,000 ஆச்சு. இன்னொரு 50,000க்கு, காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோருக்கு மருத்துவச் செலவுன்னு 80டில போட்டார். வருமானம் 5,00,000. வரி பூஜ்யம். 33,800 ரீஃபண்ட் வந்துச்சு. அதுல 10 சதவீதம், 3,380 ரூபாய், அவர் ஃபீஸ்.

11/
அந்த ஐடிஆரைப் பிரிண்ட் எடுத்து வரிவரியா படிச்சுக் காட்டினப்ப அந்த சிஸ்டர் சிபிஎஸ் பத்தி எதுவும் கேக்கல. 80டி வரியிலதான் நின்னாங்க. "சார், எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காச்சே." அவ்வளவுதான் சொன்னாங்க. செத்துப்போன பெத்தவங்களுக்கு வைத்தியம் பாத்ததா அவங்க பேர்ல, அவங்க ஆதார் ஓடிபியில, அரசாங்கத்துக்கு உறுதிமொழி போயிருக்கு.

12/
நம்ம ஊர்ல ஐடி ஃபைல் பண்ற எல்லாருக்குமே 'ஆடிட்டர்'னு பேர். ஊசி போடற எல்லாருக்கும் 'டாக்டர்'னு பேர் இருக்கற மாதிரிதான். மூட்டு வலின்னு போலி டாக்டர்கிட்ட போனா ஸ்டீராய்டு ஊசி போடுவார். அன்னைக்கு சாயங்காலமே வலி போயிடும். "கைராசிக்காரர்"னு பத்து பேர்கிட்ட சொல்லுவோம். சுகர் ஏறி, எலும்பு தேஞ்சு எங்ககிட்ட வரும்போது ஊசி போட்டவர் பக்கத்துல இருக்க மாட்டார். ரீஃபண்டும் அந்த மாதிரி ஊசிதான்.

13/
"எனக்குத் தெரியாது, ஆடிட்டர் போட்டார்"ங்கற பதில் அங்க நிக்காது. பான் உங்களுது, பேங்க் அக்கவுண்ட் உங்களுது, ஓடிபி சொன்னது நீங்க. வரி, வட்டி, அபராதம் மூணும் உங்களைத் தேடித்தான் வரும். அவருக்குப் போன கமிஷன் திரும்ப வராது.

14/
இது சும்மா பயமுறுத்தல் இல்ல. 2025 ஜூலை 14 அன்னைக்கு வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்கள்ல, இப்படிப் பொய்க் கழிவு போட்டுத் தர்ற ஆளுங்களைக் குறி வச்சு சோதனை நடத்துச்சு. தமிழ்நாடும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. அதுக்கு முந்தின நாலு மாசத்துல சுமார் 40,000 பேர் தாங்களாவே ஐடிஆரைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கினதா அப்ப மத்திய அரசு சொல்லுச்சு. ஆளுக்குச் சராசரியா 2.6 லட்சம். பெரிய முதலாளிங்க கணக்கு இல்ல இது. நம்மள மாதிரி சம்பளக்காரங்க கணக்கு.

15/
இப்ப வழி. ரெண்டு கதவு இருக்கு.
முதல் கதவு, திருத்திய ஐடிஆர். 2024-25 நிதியாண்டுக்கு (மதிப்பீட்டு ஆண்டு 2025-26) 2025 டிசம்பர் 31 வரைக்கும் அவகாசம் இருந்துச்சு. ரீஃபண்ட் வந்திருந்தாலும் போடலாம். வரியும் வட்டியும் கட்டினா போதும், கூடுதல் வரி இல்ல.

16/
ரெண்டாவது கதவு ஐடிஆர்-யு, புதுப்பித்த ஐடிஆர். பழைய ஆண்டுகளுக்கு. 2022ல வந்தப்ப ரெண்டு வருஷம்தான் அவகாசம். 2025 பட்ஜெட்டுக்கு அப்புறம் மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 48 மாசம். ஆனா லேட் ஆக ஆக விலை ஏறும். கட்ட வேண்டிய வரி, வட்டி மேல கூடுதலா:
12 மாசத்துக்குள்ள 25%
24 மாசத்துக்குள்ள 50%
36 மாசத்துக்குள்ள 60%
48 மாசத்துக்குள்ள 70%

17/
அந்த சிஸ்டரோட 33,800ஐ இதுல வச்சுப் பாருங்க (வட்டி தனி):
2026 மார்ச் 31க்குள்ள போட்டா 42,250
அதுக்கு அடுத்த வருஷம் 50,700
அதுக்கும் அடுத்து 54,080
கடைசி வருஷம் 57,460
துறையே கண்டுபிடிச்சு, வருமானத்தைத் தவறாகக் காட்டினதா முடிவு பண்ணா, வரியில 200% வரைக்கும் அபராதம் போட 270ஏ பிரிவுல இடம் இருக்கு. 33,800 + 67,600 = 1,01,400.
அவங்க கைக்கு வந்தது 30,420 மட்டும்.

18/
2025ல இருந்த விதிப்படி, மறுமதிப்பீட்டு நடவடிக்கை ஆரம்பிச்சு நடந்துட்டு இருந்தா அந்த ஆண்டுக்கு ஐடிஆர்-யு போட முடியாது. ஒரு ஆண்டுக்கு ஒரு தடவைதான் போட முடியும். அதனால அவசரத்துல பாதி தப்பைத் திருத்தி, பாதியை விட்டுடாதீங்க. சிபிஎஸ் திருத்தும்போது 80டி, வீட்டு வாடகை, நன்கொடை எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சுல பாருங்க.

19/
வீட்டுல உக்காந்து செய்ய வேண்டியது:
• இ-ஃபைலிங் தளத்துல உங்க பேர்ல நீங்களே நுழையுங்க. பாஸ்வேர்டை மாத்துங்க. மொபைல் நம்பரும் ஈமெயிலும் உங்களுதான்னு பாருங்க. நிறைய பேருக்கு அங்க ஏஜென்ட்டோட ஈமெயில் இருக்கும். நோட்டீஸ் வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.
• ஒவ்வொரு ஆண்டோட ஐடிஆரையும் டவுன்லோட் பண்ணுங்க. கழிவுகள் இருக்கற 6ஏ அட்டவணையை மட்டும் முதல்ல பாருங்க.

20/
• களஞ்சியத்துல இருந்து சம்பளச் சீட்டை எடுத்து சிபிஎஸ் பிடித்தத்தைக் கூட்டுங்க. நமக்கு மார்ச் சம்பளம் ஏப்ரல்லதான் வரும், அதனால மார்ச்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் 12 மாசம். அகவிலைப்படி அரியர்ல பிடிச்சதையும் சேர்த்துக்குங்க.
• அந்த மொத்தமும், ஐடிஆர்ல 80சிசிடி (1), (1பி) ரெண்டுலயும் சிபிஎஸ்னு போட்டதோட மொத்தமும் ஒண்ணா இருக்கணும், இல்ல குறைவா இருக்கணும். கூட இருந்தா தப்பு.
• பிரான் எண் கேக்கற இடத்துல சிபிஎஸ் எண்ணையோ வாய்க்கு வந்த எண்ணையோ போடாதீங்க. அது என்பிஎஸ்காரங்களுக்கு உள்ள எண்.

21/
வரிசையும் முக்கியம். முதல்ல 2024-25. அடுத்து 2023-24. அப்புறம் அதுக்கு முந்தினது. ஃபீஸ் கொடுத்து உண்மையான சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்கிட்டயே போங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஃபீஸ் எவ்வளவு?" 'ரீஃபண்டுல இவ்வளவு சதவீதம்'னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க.

22/
மறுபக்கமும் இருக்கு. சிபிஎஸ் கழிவையே போடாம கூடுதலா வரி கட்டினவங்க. 2024-25க்குன்னா 2025 டிசம்பர் 31க்குள்ள திருத்திய ஐடிஆர் போட்டு ரீஃபண்ட் கேட்டிருக்கலாம். பழைய ஆண்டுக்கு ஐடிஆர்-யு உதவாது, அதுல ரீஃபண்ட் கேக்க முடியாது. 143(1) உத்தரவு வந்து ஒரு வருஷம் ஆகலைன்னா 264வது பிரிவுல ஆணையருக்கு மனு போடலாம். ஐடிஆரே போடாம விட்டவங்க, ரீஃபண்ட் வரணும்னா, 119(2)(பி)ல தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 5 வருஷம் வரைக்கும்.

23/
இனி என் கருத்து. இதைச் சொன்னா நிறைய பேர் ஒரே பதில்தான் சொல்றாங்க: "எனக்குப் பென்ஷனே இல்ல சார். இதையாவது எடுத்துக்கறேன்." இந்தக் கோபம் எனக்குப் புரியுது. 20 வருஷத்துக்கு மேல கணக்குச் சீட்டு மட்டும் பாத்துட்டு, கடைசி காலத்துக்கு மாசம் எவ்வளவுன்னு தெரியாம வேலை பாக்கறது சின்ன வலி இல்ல. ஆனா அந்த நஷ்டத்தை இந்தக் கட்டத்துல எடுக்க முடியாது. இது ஈடு இல்ல, 25ல இருந்து 70 சதவீதம் வரைக்கும் விலை ஏறற கடன். ஓய்வூதியக் கோரிக்கையோட மேடையில நிக்கற கைக்கு, ஐடிஆர்ல பொய் இருந்தா பலம் குறையும்.

24/
அதே நேரம் பழி முழுசையும் ஊழியர் தலையில போட நான் தயாரில்ல. சட்டத்துல ஒரு வினோதம் இருக்கு. விடுபட்ட வருமானம் 50 லட்சத்துக்குக் கீழ இருந்தா, மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு மூணே கால் வருஷத்துக்கு அப்புறம் 148 நோட்டீஸ் அனுப்ப முடியாது. ஆனா அதே காலத்துல தானா வந்து ஒத்துக்கறவர்கிட்ட 70% கூடுதல் கேக்குது. ஒளிஞ்சிருந்தவருக்கு ஒண்ணுமில்ல, உண்மை சொன்னவருக்கு உச்ச விலை. அதனாலதான் "2020-21க்கும் ஐடிஆர்-யு போடுங்க"ன்னு உங்களை நான் அவசரப்படுத்தல. அது உங்க மனசாட்சியும் உங்க சிஏவும் பேச வேண்டியது. கண்ணுக்கு முன்னாடி ஆபத்து இருக்கறது கடைசி மூணு வருஷத்துல.

25/
நான் கேக்கறது மூணு.
ஒண்ணு: கழிவு ஒரு வரம்புக்குள்ள இருக்கற மாதச் சம்பளக்காரர் தானா திருத்தினா, எந்த ஆண்டா இருந்தாலும் கூடுதல் 25%க்கு மேல போகக் கூடாது. திருந்தறவங்களுக்குக் கதவை அகலமா திறக்கறதுதான் அரசுக்கும் லாபம்.
ரெண்டு: சம்பளம் வழங்கும் அலுவலர்கள் தர்ற ஃபார்ம் 16ல சிபிஎஸ் பிடித்தம் தனி வரியில, மொத்தத் தொகையோட, எந்தப் பிரிவுன்னு தெளிவா இருக்கணும்.
மூணு: டிசம்பர்ல மாவட்டத்துக்கு ஒரு நாள் முகாம். கண் சிகிச்சை முகாம் போடத் தெரிஞ்ச அரசுக்கு இது பெரிய விஷயமில்ல. துறையும் சங்கங்களும் சேர்ந்து தேனியில ஒரு நாள், உத்தமபாளையத்துல ஒரு நாள் உக்காந்தா நூறு குடும்பம் தப்பிக்கும்.

26/
ஒரு நல்ல சேதியும் இருக்கு. 2025-26 நிதியாண்டுல புதிய வரி முறையில, சம்பளக்காரங்களுக்கு 75,000 நிலையான கழிவோட சேர்த்து 12,75,000 வரைக்கும் வரி இல்ல. நம்ம நர்ஸ், ஆசிரியர்ல பெரும்பாலானவங்க இதுக்குள்ள வந்துடுவாங்க. அதாவது இனிமே பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்ல. மிச்சம் இருக்கறது பழசு மட்டும்தான்.

27/
தெரிஞ்சே பண்ணவங்க, தெரியாம மாட்டினவங்க, ரெண்டு பேருக்கும் வழி ஒண்ணுதான். வெக்கப்பட்டு மறைக்க வேணாம். வார்டுல பக்கத்து டியூட்டில இருக்கறவங்ககிட்ட இன்னைக்கே பேசுங்க, அவங்களும் அதே ஆள்கிட்டதான் ஃபைல் பண்ணியிருப்பாங்க. சம்பளச் சீட்டை எடுங்க, கூட்டுங்க, ஐடிஆரோட ஒப்பிடுங்க. அரை மணி நேர வேலை. உங்க கேஸுக்குன்னு முடிவெடுக்கும் முன்னாடி சிஏவைப் பாருங்க. நான் எம்பிபிஎஸ்தான், ஆடிட்டர் இல்ல. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. பான், ஆதார், ஓடிபி மட்டும் யாரும் போட்டுடாதீங்க.